விதர்லோ என்று யாரும் இங்கே இல்லை

1. எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்

துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்குக் கம்பெனியில் அட்மின் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் எனக்குக் கொடுத்த முதல் வேலை எக்ஸ்டென்ஷன் லிஸ்ட் அடிப்பது. யாருக்கு எந்த உள் நம்பர் என்று ஒரு தாளில் அடித்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் போன் எல்லாம் முதலில் என் மேசைக்குத்தான் வரும். இப்போது புதிதாக வரும் பிள்ளைகள் "இதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் செல்வராஜ், பட்டுக்கோட்டைப் பக்கம். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுவோம். அதனால் துபாய் வந்த நாளிலிருந்து பேங்கிலும் கிளினிக்கிலும் என்னை "மிஸ்டர் கோவிந்தசாமி" என்றுதான் கூப்பிட்டார்கள். கோவிந்தசாமி என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து அப்போதே ஆறு வருடம். எனக்கு எரிச்சலாக வரும். ஆகவே லிஸ்ட் அடிக்கும்போது எல்லோருடைய கடைசிப் பெயரையும் வெட்டி எறிந்தேன். முருகேசன், அன்வர், ஜோபி, ஆர்தர். வேலை பார்க்கிறவன் பெயர் போதும், அவன் அப்பன் பெயர் எதற்கு என்பது என் நியாயம். லிஸ்ட் நீட்டாக இருக்கிறது என்று மேனேஜரும் சொன்னார்.

ஆர்தர் சார் எங்கள் ஒர்க்‌ஷாப் இன்சார்ஜ். இங்கிலாந்துக்காரர், அறுபதை நெருங்கியவர். ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் எல்லாம் அவர் பொறுப்பு. தனியாக இருந்தார். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் ஒரு வாழ்த்து அட்டையை வாங்கி, கம்பெனி முத்திரை போட்ட உறையில் வைத்து, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் நீட்டுவார். முகவரியை நான் படித்ததில்லை.

சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு காலை போன் அடித்தது. ஒரு பெண் குரல். அவரும் மற்றவர்களும் ஆங்கிலத்தில் பேசியதை இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

"மிஸ்டர் விதர்லோ இருக்காரா?"

லிஸ்டைப் பார்த்தேன். "அப்படி யாரும் இங்க இல்ல மேடம்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நூறு பர்சன்ட் மேடம். லிஸ்ட் என் கையிலதான் இருக்கு."

பிறகு "சரி" என்று வைத்துவிட்டார். முதல் பெயர் என்ன என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேலை சுறுசுறுப்பாக நடந்தது என்ற பெருமையில் அடுத்த போனை எடுத்தேன்.

2. பாஸ்போர்ட்

மூன்று மாதம் கழித்து ஆர்தர் சாரின் விசா ரினியூவலுக்காக அவர் பாஸ்போர்ட் என் கைக்கு வந்தது. சர்நேம் கட்டத்தில் விதர்லோ என்று இருந்தது. அன்றைக்குப் போனில் நான் இல்லை என்று சொன்ன அதே பெயர்.

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "இது உங்க அப்பா பேரா சார்?"

அவர் சிரித்தார். "அப்பா பேரு, தாத்தா பேரு, அவருக்கு முந்தி நானூறு வருஷமா எல்லார் பேரும் அதுதான். விதர்ங்கிறது வில்லோ மரம்னு எங்க வீட்ல சொல்வாங்க. கிரிக்கெட் பேட் செய்யறீங்களே, அந்த மரம். லோன்னா மேடு. வில்லோ மரம் நின்ன ஒரு மேட்டுல இருந்தவங்க நாங்க."

எங்கள் பக்கம் புளியமேடு, கொல்லைமேடு என்று ஊர்கள் இருப்பதைச் சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அத்தனை பேச்சு அவர் பேசி நான் கேட்டதில்லை. ஒரு காலத்தில் மூன்று கிராமம் நிறைய விதர்லோக்கள் இருந்தார்களாம். சண்டைக்குப் போன பையன்கள் பாதிப் பேர் திரும்பவில்லை. பெண்கள் கல்யாணமாகிப் புருஷன் பெயரை எடுத்துக்கொண்டார்கள். இப்போது மிச்சம் அவரும் அவர் மகளும்தான்.

"எலன். ஸ்கூல் டீச்சர். கல்யாணம் ஆனாலும் இந்தப் பேரை விடமாட்டேன்னு சின்ன வயசுலயே சொல்லுவா. பேசி ஒம்போது வருஷம் ஆச்சு."

"நீங்க ஒரு போன் பண்ணலாமே சார்?"

"அவ அம்மாவை நான் விட்டுட்டு வந்தேன். தப்பு என் மேல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கூப்பிடறது? பிறந்தநாளைக்கு அட்டை மட்டும் அனுப்பறேன். உறையில நம்ம கம்பெனி பேர் இருக்கு. அவளுக்கு மனசு வந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவா. இந்த நாடு பூரா தேடினாலும் இந்தப் பேரு ஒருத்தனுக்குத்தான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ப்ரொபேஷன் முடிய ஒரு மாதம் இருந்தது. அறைக்கு வந்து முருகேசன் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர், ராமநாதபுரத்துக்காரர், என் ரூம்மேட்.

"கிரெடிட் கார்டு விக்கிறவளா இருக்கும்டா. தெனம் பத்து பேரு கூப்பிடுறாளுங்க. அதப் போயி மகளுங்குற."

"குரல் அப்படி இல்லண்ணே."

"அப்பச் சொல்லிப்புடு. வஞ்சா வஞ்சுட்டுப் போறாரு."

அவர் இரண்டு பேச்சு பேசினார். எனக்குத் தோதான முதல் பேச்சை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். உண்மையாகவே மகளாக இருந்தால் இன்னொரு தடவை கூப்பிடாமலா இருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லிஸ்டை மட்டும் முழுப் பெயரோடு திருத்தி அடித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதற்குப் பிறகு அந்தப் பெண் கூப்பிடவே இல்லை.

3. ஒரு நிமிடம்

இரண்டு வருடம் போனது. அவர் அட்டை கொடுப்பார், நான் தபாலில் சேர்ப்பேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒர்க்‌ஷாப் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருமுன் எல்லாம் முடிந்திருந்தது.

மேனேஜர் ஃபைலைத் திறந்து பார்த்தார். நெக்ஸ்ட் ஆஃப் கின், அதாவது நெருங்கிய சொந்தம் என்ற கட்டத்தில் பிரிந்துபோன மனைவியின் பெயர் எழுதி, கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. "செல்வராஜ், சொந்தக்காரங்க கடிதம் இல்லாம பாடி ரிலீஸ் ஆகாது. எப்படியாவது யாரையாவது பிடி."

நான் கம்ப்யூட்டரில் எலன் விதர்லோ என்று அடித்தேன். ஒரே ஒருவர். பள்ளிக்கூடத்தின் பெயரும் மின்னஞ்சலும் இருந்தன. ஆர்தர் சார் சொன்ன ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதை இரண்டு வருடத்துக்கு முன்பே நான் செய்திருக்கலாம். அவர் இறந்த செய்தியை என் பெயரும் ஆபீஸ் நம்பரும் போட்டு அந்த மின்னஞ்சலுக்கு எழுதி அனுப்பினேன்.

மறுநாள் போன் அடித்தது. அதே மேசை, அதே குரல். எழுதியவர் நான்தானா என்று உறுதிப்படுத்திக்கொண்டு பேசினார்.

"ஒரு தடவை நான் இந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். அப்படி யாரும் இல்லைன்னு ஒருத்தர் சொன்னார். அப்பாதான் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கார்னு நினைச்சேன். அதுக்கப்புறம் அட்டை வந்தாலும் நான் பிரிக்கல."

அந்த ஒருத்தர் நான்தான் என்று அப்போது சொல்லவில்லை. டிக்கெட் விவரம் மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

நான்காம் நாள் எலன் வந்தார். அப்பாவின் அதே நீள மூக்கு. ஆஸ்பத்திரி, போலீஸ் கடிதம், தூதரகம், விசா கேன்சல் என்று இரண்டு நாள் அவரோடு அலைந்தேன். இரண்டாம் நாள், கடைசிச் சீலுக்காக ஒரு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். இனிமேலும் சொல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"மேடம், அன்னைக்குப் போன் எடுத்தது நான்தான். லிஸ்ட்ல முதல் பேரு மட்டும் அடிச்சிருந்தேன். உங்க அப்பா எதுவும் சொல்லச் சொல்லல."

அவர் என்னையே பார்த்தார். "நான் கூப்பிட்டது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். எனக்குப் பின்னால புரிஞ்சுது. பயந்துக்கிட்டு நான் சொல்லவே இல்ல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன், கொடுக்கவும் கூடாது. வெகுநேரம் கழித்து ஒன்று மட்டும் கேட்டார். "என்னைப் பத்தி ஏதாவது பேசுவாரா?"

வில்லோ மேட்டையும், பெயரை விடமாட்டேன் என்று அவர் சின்ன வயதில் சொன்னதையும், அட்டைகளையும், ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவர் அப்பா நம்பியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். விமானத்தில் ஊருக்குப் போகும் பெட்டிக்கான கார்கோ லேபிளை எழுத நான் பேனாவை எடுத்தபோது, கையை நீட்டி வாங்கிக்கொண்டார். முதல் பெயரையும் குடும்பப் பெயரையும் அவரே பெரிய எழுத்தில் எழுதினார்.

இன்று நான் அட்மின் மேனேஜர். என் செக்‌ஷனில் ஒரே ஒரு விதி. போனில் யார் பெயரைக் கேட்டாலும் "இல்லை" என்று சொல்லக் கூடாது. "கொஞ்சம் லைன்ல இருங்க, முழுப் பேரு சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். கிளினிக்கில் "மிஸ்டர் கோவிந்தசாமி" என்று கூப்பிட்டால், இப்போதெல்லாம் நான் உடனே எழுந்து நிற்கிறேன்.