வீட்டை விடச் சொல்ல வந்தவர்கள்

அண்ணாவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய் ஒரு கிழமைக்குப் பிறகு, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அதுவரை ஒரு சனமும் எட்டிப் பார்க்கவில்லை. ஆறுதல் சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, அம்மா தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வந்தவர்கள் எங்களை வீட்டை விடச் சொன்னார்கள். நேரே சொல்லவில்லை, எங்கள் ஆட்கள் எதைத்தான் நேரே சொல்வார்கள்? கீழ்மாடி வாத்தியார் தொண்டையைச் செருமினார். "அக்கா, எனக்கெண்டால் ஒண்டுமில்லை. மற்ற ஆக்கள்தான் பயப்பிடுகினம். திரும்பச் செக்கிங் வந்தால் எல்லாற்ற பிள்ளையளையும் எல்லோ ஜீப்பில ஏத்துவாங்கள்."

அம்மா பக்கத்து வீட்டு அன்ரியைப் பார்த்தார். அண்ணாவின் பிறந்தநாளுக்குக் கேக் அடித்துக் கொடுத்த மனுசி. "எனக்கும் ஒண்டுமில்லையக்கா, மற்ற ஆக்கள்தான்..." என்று அவரும் இழுத்தார். அம்மா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனார். ஒருவருக்கும் ஒன்றுமில்லையாம்!

"அப்ப ஆர் அந்த மற்ற ஆக்கள்?" என்று கத்திவிட்டேன். "எல்லாரும் இஞ்சதானே நிக்கிறியள்?"

"பொம்பிளைப் பிள்ளை, வாய் காட்டாதை" என்றார் வாத்தியார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்குத் தலையாட்ட மட்டும் ஒருவருக்கும் பயமில்லை.

அம்மாவின் கவலை வீட்டைப் பற்றியதல்ல. பிள்ளையைப் பொலிஸ் விட்டால் அவன் எங்கே வருவான்? ஊரில் எங்களுக்கென்று யாரும் மிஞ்சவில்லை. எந்த முகாமில் வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியாது, அறிவிக்கவும் வழியில்லை. கொழும்பில் அவனுக்குத் தெரிந்த ஒரே வாசல் இதுதான். "அவன் வந்தால் நாங்கள் இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுங்கோ, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்று அம்மா அழுதார். "ஓமோம், அதுக்கென்ன" என்றார்கள்.

தெஹிவளையில் ஓர் அறை எடுத்தோம். சாமான் ஏற்றும்போது, கீழே கடை வைத்திருந்த சிங்களவரிடமும் விலாசத்தைச் சொல்லிவைப்போம் என்றேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். "விசரே உனக்கு? அவன் போய்ப் பொலிசுக்குச் சொன்னால்? எங்கட ஆக்களிட்டச் சொன்னதே போதும்."

மாதங்கள் போயின. ஒருநாள் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனபோது அந்தக் கடைக்காரர் என்னைக் கண்டு ரோட்டைக் கடந்து ஓடி வந்தார். "நங்கி" என்று தங்கச்சி முறை சொல்லிக் கூப்பிட்டார். "உங்கட அண்ணா வந்தது தானே! நீங்க சந்திச்சதா?"

அண்ணாவை முந்தின மாதமே விட்டிருக்கிறார்கள். கட்டடத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாராம். உள்ளே ரீவி சத்தம் கேட்டதாம், ஒருவரும் திறக்கவில்லையாம். கடைக்காரர்தான் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார். "நீங்க எங்க போன எண்டு எனக்குத் தெரியாது தானே" என்றார் என்னிடம். பொழுதுபடும்வரை படியில் இருந்துவிட்டு, அண்ணா பெருந்தெருவால் நடந்து போனாராம்.

அதன் பிறகு இன்றுவரை அண்ணாவைக் கண்டவர்கள் இல்லை. கடைக்காரர் சொன்ன அன்றைக்கே மேலே ஏறிப் போய் அன்ரியின் கதவில் அடித்தேன். என் குரலைக் கேட்டு, சங்கிலியைக் கழற்றாமல் கொஞ்சம் திறந்தார். கண் கலங்கியிருந்தது.

"அவன் தட்டேக்கைத் திறக்கத்தான் பிள்ளை எழும்பினனான்" என்றார். "பக்கத்துக் கதவு ஒண்டும் திறக்கிற சத்தம் கேக்கேல்லை."