பாறை மேல் சிக்னல்

கள்ளக்குறிச்சியில் இருந்தபடி, போனில் எமுலேட்டர் என்ற செயலியைப் போட்டு, பழைய வீடியோ கேம் சண்டைகளை ஆன்லைனில் ஆடுவேன். எதிரே ஆடுபவர் கல்வராயன் மலையிலிருந்து அண்ணாமலை என்பவர். குரல் மட்டும்தான் பழக்கம். தோற்கப்போகிறேன் என்று தெரிந்தாலே வைஃபையை அணைத்துவிடுவேன். ஆட்டம் பாதியில் நின்றால் தோல்வி இல்லையே!

மறுபடி இணைந்ததும் அவர்தான் வருத்தப்படுவார். "எங்க மலைல டவர் கம்மிங்க. தப்பா நெனச்சிக்காதீங்க."

ஒருநாள் அவருக்கு மூச்சு வாங்கியது. காற்றும் இரைந்தது.

"எங்க இருக்கீங்க?"

"வூட்டுக்குப் பின்னால பாறை மேல ஏறிட்டேங்க. இனிமே கட் ஆவாது."

அன்று வைஃபையில் கை வைக்க மனம் வரவில்லை. கடைசிவரை ஆடித் தோற்றேன்.

"பாத்தீங்களா? எங்க வூட்டு சிக்னல்தாங்க பிரச்சன" என்று சிரித்தார்.

"ஆமாங்க" என்றேன்.

என்னோடு ஆட இன்றும் அந்தப் பாறையில்தான் ஏறுகிறார்.