முங்கின கல்லை வறுத்தவள்

குஜிலியம்பாறையில் மூக்காயி அத்தையைத் தெரியாதவர்கள் குறைவு. பொரி வறுக்கிறவள். விடிந்தால் அடுப்பும் மணலும்தான். சந்தை நாளில் தலையில் மூட்டை. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள் என்பதால் பாதி ஊர் அவளோடு பேசாது. மீதிப் பாதி பொரிக்காகப் பேசும். எனக்கு அவள் சொந்தக்காரிகூட இல்லை. ஆனால் இந்த வீட்டில் நான் இன்று விளக்கேற்றுகிறேன் என்றால் அது அவளால்தான்.

என் மாமனார் கண்ணுசாமி ராமேஸ்வரம் போய் மிதக்கும் கல் ஒன்று கொண்டுவந்திருந்தார். உடம்பெல்லாம் இட்லி மாதிரி துளை. முற்றத்தில் பித்தளை அண்டாத் தண்ணீரில் அது மிதந்துகொண்டிருக்கும். ராமர் பாலத்துக் கல் என்று சுற்றுவட்டாரச் சனமெல்லாம் வந்து கும்பிடும். மாமியார் ஜக்கம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு எண்ணெய்க் காப்பு செய்து, பால் ஊற்றி, சந்தனத்தை அரைத்து அரைத்து அப்புவார். நாலு வருசத்தில் துளையெல்லாம் அடைத்துக் கல் வழவழவென்று ஆகிவிட்டது. கல்லுக்கும் மூச்சு முட்டும் என்று அவரிடம் யார் சொல்வது?

1958 தை மாதம் எனக்குக் கல்யாணம். மூன்றாவது வெள்ளிக்கிழமை, கல்லுக்குப் பூ வைக்கச் சொன்னார் மாமியார். வைத்தேன். கல் நேராக அண்டாவின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"ராமர் கல்லே முங்கிப்போச்சு. இவ கால் வச்ச வீடு வெளங்குமா?" என்றார் மாமியார். திங்கட்கிழமை வந்து கூட்டிப் போகும்படி என் அண்ணனுக்கு ஆள் போனது. வாழாவெட்டியாக வந்தால் வாசலில் சேர்க்கமாட்டேன் என்று அவன் பதில் அனுப்பினான். எனக்குப் போக்கிடமே இல்லை. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வாய் இருக்கிறது என்று முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பொரி கொடுக்க வந்த மூக்காயி அத்தை அண்டாவுக்குள் கையை விட்டுக் கல்லை எடுத்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"மதினி, பொரி நமுத்துப்போனா வீசியா எறியிறோம்? சூடு காட்டுனா சரியாயிரும். இதை எங்கிட்டக் குடுங்க."

"சாமி கல்ல வறுக்கப் போறியாக்கும்?"

"பாவம் வந்தா என் தலைக்கு வரட்டும்."

சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். வெந்நீரில் கொதிக்கவைத்துச் சந்தனத்தைக் கழற்றினாள். பிறகு இளஞ்சூட்டு மணலில் புதைத்து, அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டாள். அந்த மூன்று நாளும் பொரி வறுக்கவில்லை. ஊரே அவளைப் பார்த்துச் சிரித்தது.

திங்கட்கிழமை காலை எல்லோர் முன்னாலும் கல்லை அண்டாவில் விட்டாள். ஒரு முறை அமுங்கி மேலே வந்து, மிதந்தது. மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மாமனார் ராமருக்குத் தேங்காய் உடைத்தார். மூக்காயி அத்தைக்கு ஒரு வாய் மோர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் மோர்ச் செம்போடு அவள் குடிசைக்குப் போனேன். ஒரே ஆள் படுக்கிற இடம். அங்கே அவளுடைய கிழிந்த பாய்க்குப் பக்கத்தில் புதுக் கோரைப்பாய் ஒன்று விரித்துக் கிடந்தது.

"யாருக்கு அத்தை இது?"

"உனக்குத்தான் தாயி. நேத்து வாங்குனேன்."

"அப்ப, கல்லு மெதக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றாள் அவள், மோரை வாங்கிக் குடித்துக்கொண்டே.