காத்திருக்கச் சொன்ன அந்தோணி மாமா

மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா செருப்போடு சமையலறைக்குள் வந்து, "அந்தோணி மச்சான் போயிட்டாரு. வேலியோரமா கெடந்தாரு" என்றார். வெயில் தாங்காமல் விழுந்துவிட்டார் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். வெயிலில் அனுப்பியது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவரோடு வளைகுடாப் பாலைவனத்தில் இந்தப் பண்ணையில் வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கிருந்து பள்ளிக்கூடம் தூரம் என்பதால் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். நேரில் பேச எனக்கு வராது.

முதலாளியின் விருந்தாளிகள் வில்லால் வேட்டையாடுவதற்காகவே ஆப்பிரிக்காவிலிருந்து பெரிய மான்களைக் கொண்டுவந்து வேலிக்குள் விட்டிருக்கிறார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டவர் மாமா. தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். சொந்தமில்லை என்றாலும் அப்பாவுக்கு மச்சான், எனக்கு மாமா.

வந்த புதிதில், நோயுற்ற ஒரு மானை முடிக்கச் சொல்லி அவர் கையில் வில்லைக் கொடுத்தார்களாம். பின்னால் நின்றவர்கள் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்த, அம்பு வயிற்றில் பட்டது. உடனே துரத்தினார். அது பண்ணை முழுக்க ஓடி மறுநாள்தான் செத்தது. எங்கள் வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னார்.

"நெஞ்சுல பட்டா சட்டுனு முடிஞ்சிரும் வே. வயித்துல பட்டா எங்கயாவது படுத்துக்கிடும். நாம சும்மா இருந்தா அங்கனயே அடங்கிரும். அது தெரியாம வெரட்டிட்டேன்."

"மானுக்காகச் சோத்தத் தள்ளி வைக்கீரே மச்சான்" என்று அப்பா கேலி செய்தார். மாமா சிரிக்கவில்லை. அந்த மானுக்குப் பிறகுதான் தினமும் காலையில் வைக்கோல் மூட்டையில் அம்பு விட்டுப் பழகத் தொடங்கினாராம்.

அவர் இறந்த அன்று காலை ஒரு விருந்தாளியின் அம்பு மானின் வயிற்றைத் துளைத்து வெளியேறியது. மணலில் கிடந்த அம்பை மாமா எடுத்து மோந்து பார்த்தார். "கொடல்ல பட்டிருக்கு. சாயங்காலம் வரைக்கும் விட்டுருங்க" என்றார். அப்பா அதை மேனேஜரிடம் இந்தியில் சொன்னார். விருந்தாளி மதியமே துபாய் திரும்ப வேண்டுமாம். அதற்குள் மானோடு போட்டோ எடுக்க வேண்டுமாம். உடனே போகச் சொல்லி "அபி ஜாவ்" என்றார் மேனேஜர். மான் போயிருந்த மணல்மேட்டில் வண்டி ஏறாது.

"போயிட்டு வந்துரும் மச்சான். எதுக்கு வம்பு? விசா அவங்க கையில இருக்கு" என்றார் அப்பா.

"நீருமா வே சொல்லுதீரு?"

நான் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு மாமா நடந்தார். அவர் சத்தம் கேட்டு மான் எழுந்து எழுந்து ஓடியிருக்கிறது. அவரும் பின்னாலேயே போயிருக்கிறார். மாலையில் மற்றவர்கள் போய் மானை எடுத்து வந்தபோது விருந்தாளி கிளம்பிவிட்டிருந்தார்.

அமைதியானவர், எதற்கும் முகம் சுளிக்காதவர் என்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுகிறீர்கள். அன்று அவர் முகத்தை நான் பார்த்தேன். கோபத்தோடுதான் போனார். அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொண்டேன். அப்பாவுக்குச் சோறு போடும்போதும் அது என்னிடம் இருக்கிறது.