கேக்கின் மேல் என் மகளின் கையெழுத்து

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு லீவு விட்டால் மற்ற வீடுகளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம் என்று யோசிப்பார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளை எங்கே உட்கார வைக்கலாம் என்றுதான் யோசிப்போம். விழுப்புரத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பேக்கரி. கடை கீழே, வீடு மாடியில். கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு முடிகிறவரை மாடிப்படியில்கூட கேக் பெட்டி அடுக்கியிருக்கும்.

போன டிசம்பரில் வீட்டில் நான்கு பிள்ளைகள். எட்டாவது படிக்கும் எங்கள் பெண், மூன்றாவது படிக்கும் பையன், இவர்களோடு திண்டிவனத்திலிருந்து வந்த என் நாத்தனாரின் இரட்டைப் பெண்கள். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. திண்டிவனத்தில் நர்ஸாக இருக்கிறார். லீவு கிடைக்காது.

"ஒனக்கே தலைக்கு மேல வேலைன்னு தெரியும்மா. ஆனா வேற எங்க வுடறது சொல்லு. அடம் புடிச்சா ரெண்டு போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

ரெண்டு போட நேரம் எங்கே இருந்தது. நான்கு பேருக்கும் மடிக்காத அட்டைகளைக் கொடுத்துப் பெட்டி மடிக்கச் சொன்னேன். முதல் நாள் ஆசையாக மடித்தார்கள். இரண்டாம் நாள் பெட்டிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போலீஸ் விளையாடினார்கள். மூன்றாம் நாள் பையன் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்தே பார்த்துவிட்டான். நான் கல்லாவிலிருந்து மாடியைப் பார்த்துக் கத்துவதும், வாங்க வந்தவர்கள் சிரிப்பதுமாக அந்த வாரம் ஓடியது.

என் பெண் மட்டும் விளையாட்டில் சேரவில்லை. கேக் மாஸ்டர் வேலை செய்யும் மேசைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவர் கிரீம் அடைத்த கோனைப் பிடித்து கேக்கின் மேல் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் காலையில் அரைத்துவைத்த இட்லி மாவில் பாதியைக் காணோம். தேடிப்போனால் மாடியில் எவர்சில்வர் தட்டுகளை வரிசையாகக் கவிழ்த்துப் போட்டு, பால் கவரின் முனையை வெட்டி அதில் மாவை ஊற்றி, தட்டின் முதுகில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டு நிறைந்ததும் வழித்து மறுபடி கவருக்குள் ஊற்றுகிறாள்.

"திங்கிற மாவை எடுத்து இன்னாடி பண்ணிக்கினு இருக்க. கணக்குல எடுத்த மார்க்குக்கு இந்நேரம் புக்க எடுத்திருக்கணும்" என்று திட்டினேன். மறுநாள் கோதுமை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி காலை மாஸ்டர் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, அவருக்குப் போன் வந்தது. கண்டமங்கலத்தில் தாய்வீட்டில் இருந்த அவர் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே. மாஸ்டர் கை கோனைப் பிடித்தபடியே இருக்க, முகம் என் வீட்டுக்காரரைப் பார்த்தது.

"நீ கெளம்பு. வண்டிய எடுத்துக்கினு ஜல்தி போ" என்றார் இவர்.

மாஸ்டர் போன பிறகுதான் நாங்கள் மேசையைப் பார்த்தோம். முந்தின ராத்திரியே கிரீம் பூசி, பூவெல்லாம் வைத்து முடித்த கேக்குகள். ஒன்றில்கூட எழுத்து இல்லை. வாழ்த்தும் பெயரும் எழுதித் தருவதாகச் சொல்லி வாங்கிய ஆர்டர்கள் அத்தனையும். பதினொரு மணியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். இவர் கேக் நன்றாகச் சுடுவார், கையெழுத்து அவருக்கே புரியாது. நான் ஒரு கோனை எடுத்து அழுத்தினேன். புழு மாதிரி ஏதோ வந்து விழுந்தது. வேறு கடைகளில் கேட்டால் அன்றைக்கு யார் மாஸ்டரை அனுப்புவார்கள்.

"பேஜாரா போச்சே" என்று இவர் தலையைப் பிடித்துக்கொண்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

அப்போது என் பெண் பின்னலை எடுத்துக் கொண்டையாகச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் எழுதட்டாப்பா?"

இவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றுதான் என் வாயில் வந்தது. தட்டில் எழுதுவது வேறு, அடுத்தவர் காசு கொடுத்து வாங்குகிற கேக்கில் எழுதுவது வேறு. ஆனால் அவள் அதற்குள் கையைக் கழுவித் துடைத்துவிட்டாள். "ஒண்ணு எழுது பாக்கலாம். கெட்டா நாம தின்னுக்கலாம்" என்றார் இவர்.

முதல் கேக்கில் 'ஹேப்பி' பெரிதாகிவிட்டது, 'இயர்' ஓரத்தில் இடமில்லாமல் நசுங்கியது. கத்தியால் கிரீமை வழித்துவிட்டு மறுபடி எழுதினாள். இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவதில் கடைசி எழுத்துக்கு ஒரு வளைவு கொடுத்து இழுத்தாள். அந்த வளைவு மாஸ்டர் எழுதுவதில் கிடையாது. இவர் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார். அடுத்த கேக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு யாரும் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. இரட்டைப் பெண்களில் ஒருத்தி ஆர்டர் சீட்டைப் படித்தாள், மற்றவள் எழுதி முடித்ததைச் சரிபார்த்தாள். என் பையன் பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். முன்னே போலீஸ் விளையாடிய அதே பிள்ளைகள்.

மதியம் போல அனந்தபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய அம்மாவுக்கு அன்று பிறந்தநாள். வீட்டில் முதல் முறையாக கேக் வெட்டப்போகிறார்களாம்.

"எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராதுங்க. தமிழ்ல எழுதித் தருவீங்களா?" என்றார்.

மாஸ்டர் எழுதுவது ஆங்கிலம் மட்டும்தான். தமிழ் எழுத்தில் சுழி அதிகம், கிரீம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பார். முடியாது என்று நான் சொல்வதற்குள் உள்ளேயிருந்து என் பெண் கேட்டாள்: "அம்மான்னு எழுதட்டுமாண்ணே, பேரு எழுதட்டுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பேரே எழுதும்மா. ஊட்ல அவங்கள யாரும் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்ல. ஒரு தபா பாக்கட்டும்."

ழகரம் உள்ள பெயர். அந்தச் சுழியில் மட்டும் அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். நானும்தான். எழுதி முடித்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் பெட்டியை மூடச் சொல்லாமல் பார்த்துக்கொண்டே நின்றார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற பெண்மணி, "எங்களுக்கும் தமிழ்லயே எழுதிக் குடும்மா" என்றார். அதற்குப் பிறகு வந்தவர்களில் பாதிப்பேர் தமிழில்தான் கேட்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் மேசை காலியாகிவிட்டது. கண்டமங்கலத்திலிருந்தும் போன் வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். என் பெண்ணுக்கு விரல்கள் மடங்கவில்லை. வெந்நீரில் கையை வைத்து நீவிவிட்டபோதுதான் கவனித்தேன், அந்த விரல்கள் என் விரல்களைவிட நீளமாகிவிட்டிருந்தன. இட்லி மாவுக்காகத் திட்டியதைப் பற்றி ஏதாவது சொல்ல நினைத்தேன். "பசிக்குதும்மா" என்றாள். தோசை சுட்டுப் போட்டேன்.

மறுநாள் இரட்டைப் பெண்களைக் கொண்டுவிடத் திண்டிவனம் பஸ்ஸில் போனோம். எங்களுக்கு முன்சீட்டில் ஒரு பெண் எங்கள் கடைப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். குழந்தை நச்சரிக்கவே மூடியைத் திறந்து காட்டினார். பாதி கேக் தீர்ந்திருந்தது. மிச்சப் பாதியில் 'வாழ்த்து' என்ற சொல் முழுசாக இருந்தது.

"எவ்ளோ அழகா எழுதிருக்காங்க பாரு" என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

என் பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "சொல்லாதம்மா" என்று காதோடு சொன்னாள்.

எனக்கு அவ்வளவு அடக்கம் எப்போதும் கிடையாது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி, "எங்க பொண்ணு எழுதினதுங்க" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் திரும்பி அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திண்டிவனம் வருகிறவரை பார்த்துக்கொண்டேதான் போனேன்.