மேனேஜர் கலர் மாற்றிய நாள்

எனக்கெல்லாம் எழுத என்ன தகுதி என்று கேட்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது முடித்து, மாலை வகுப்பில் புரோகிராம் எழுதக் கற்று, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தவன் நான்.

எங்கள் மேனேஜர் கம்ப்யூட்டரில் ஏற்றிய ஆர்டரில் கலரை மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லமாட்டார். அப்படித்தான் கட்டிங் மாஸ்டர் குல்சார் பாய் பழைய ஆர்டரை நம்பிக் கறுப்புத் தோலை வெட்டிவிட்டார்.

"பிரவுன்னு அப்பவே சொன்னேனே!" என்று சாதித்து, மேனேஜர் அவரை வேலையை விட்டே அனுப்பினார். கூச்சத்தில் நான் வாய் திறக்கவில்லை.

ஆத்திரத்தைப் புரோகிராமில் காட்டினேன். அப்சர்வர் பேட்டர்ன் என்று ஒரு முறை உண்டு. ஒரு விவரம் மாறினால், பதிந்து வைத்த எல்லோருக்கும் தானாகவே செய்தி போய்விடும். கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் எல்லாவற்றையும் பதிந்தேன். கடைசியாக முதலாளி அறையையும் சேர்த்தேன்.

அடுத்த ஆர்டரில் பாதித் தோல் வெட்டி முடித்திருந்த நேரம், மேனேஜர் மறுபடி கலரை மாற்றினார். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றாகக் கத்தின.

முதலாளி இறங்கி வந்தார். "இன்னா சார், பாதி வெட்டினப்புறம் மாத்துறீங்க? போன வாட்டியும் இதே கதைதானா?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இன்னாய்யா பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். நீங்க மாத்துனீங்க, அது சொல்லிச்சு."

அவர் முகம் வெளுத்தது. இரக்கப்பட வேண்டும் என்பார்கள். எனக்கு இன்றுவரை வரவில்லை.

மறுநாள் குல்சார் பாய் வேலைக்கு வந்தார். மேனேஜர் லீவு.