அவணில் வெந்த வெள்ளைத் துணி

பிணி தீர்க்கும் பெருமானின் திருவடி என் நாவிலும் இவ்வெழுத்திலும் முன்னிற்க.

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, திருக்கார்த்திகை விளக்கீட்டு நன்னாள். மருதனார்மடத்துக்கு அருகே எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்த நிகழ்ச்சி இது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. மருந்தும் பஞ்சும் பொருளாதாரத் தடையால் அருமையாகிவிட்ட காலம்.

என் மனைவிக்கு நீரிழிவு. இடது பாதத்தில் முள் தைத்த சிறு காயம் ஆறாமல் குழியாகிவிட்டது. இன்னும் ஒருமுறை சீழ் கட்டினால் கணுக்காலோடு எடுத்துவிட வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரி வைத்தியர் தெளிவாகவே சொல்லிவிட்டார். கட்டுத்துணி வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். அவித்த துணியை உலர்த்த வெயில் இல்லை, அடைமழை. அடுப்படியில் கட்டிய கொடியில் அது நாட்கணக்காக ஈரம் காயாமல் தொங்கும். புகையும் ஈயும் அதில் படியும்.

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளித் தங்கியிருந்தார் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி. ஓய்வு பெற்ற தாதி. எங்கள் பக்கத்தில் ஆசிரியனான என்னை 'மாஸ்ரர்' என்றும் தாதியரை 'மிஸி' என்றும் அழைப்பது வழக்கம். அவர் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் மழையில் நனைந்து வந்து மனைவியின் காயத்தைக் கழுவிக் கட்டுவார். எங்கள் வீட்டில் ஒரு கோப்பை தேநீருக்கு மேல் எதையும் அவர் வாங்கிக்கொண்டதில்லை.

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள், சமையலறை மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த பெட்டியைப் பார்த்துவிட்டார்.

“மாஸ்ரர், உதுக்குள்ளை என்ன வைச்சிருக்கிறியள்?”

“அது கேக் சுட மகள் வாங்கித் தந்த கரன்ட் அவண், மிஸி. கரன்ட் வந்தால் பாவிக்கலாம் எண்டு மூடி வைச்சிருக்கிறன்.”

“கரன்ட் எண்டைக்காவது வரும். கால் திரும்பி வருமே? உதைத் தாங்கோ, நான் கழட்டப் போறன்.”

நான் தயங்கினேன். கட்டிலில் கிடந்த மனைவி விடவில்லை.

“குடுங்கோப்பா! ரெண்டு வரியமாய் பூட்டின கோயில் மாதிரி அதைச் சுத்திக்கொண்டு நிக்கிறியள்.”

மிஸி சேலையைச் செருகிக்கொண்டு தரையில் அமர்ந்தார். ஆஸ்பத்திரியில் கட்டுத்துணியை வெப்பத்தால் கிருமி நீக்குவதை முப்பது ஆண்டுகள் செய்த கை அது. திருப்புளி ஒன்றை வாங்கி, சூடாக்கும் சுருள் கம்பிகள் இரண்டையும் கழற்றினார். விளக்கையும் வெப்பம் கூட்டிக் குறைக்கும் திருகையும் எடுத்தார். இரட்டைத் தகட்டுக்கு நடுவே இருந்த கண்ணாடி நார்ப்பஞ்சை மட்டும் தொடவேண்டாம் என்றார். வெப்பத்தை உள்ளே பிடித்து வைப்பது அதுதானாம். எஞ்சிய வேலையை என்னிடம் ஒப்படைத்தார்.

“எரியிறது, உருகிறது, மணக்கிறது ஒண்டும் மிஞ்சக் கூடாது, மாஸ்ரர். கதவு றப்பரையும் பின்னாலை இருக்கிற வயரையும் எடுத்துப் போடுங்கோ.”

றப்பரை எடுத்தேன். பின்தகட்டைத் திறந்தபோது உள்ளே நிறம் நிறமான வயர்கள் ஒழுங்காகக் கற்றை கட்டிக் கிடந்தன. மின்சாரம் வந்தால் எந்த மின்வேலைக்காரனும் சுருளை மீண்டும் பூட்டிவிடுவான். இந்தக் கற்றை போனால் பெட்டியே போய்விடும் என்று மனம் கணக்குப் போட்டது. தகட்டுக்கு வெளியே இருப்பது உள்ளே இருக்கும் துணியை என்ன செய்யும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். கற்றையை அப்படியே விட்டுத் தகட்டை மூடினேன். 'எனது' என்பதைக் களையும்படி நாள்தோறும் பண்ணோடு பாடி வேண்டுகிறவன் நான். அன்று காலையும் பாடியிருந்தேன்.

விளக்கீட்டு அன்று காலை மிஸி வந்தார். வீட்டிலிருந்த ஒரே நல்ல பருத்தி வேட்டியைக் கிழித்துப் பன்னிரண்டு சுருள்கள் செய்தோம். ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த வெள்ளைத் தாளில் பொதிந்தார். பெட்டியின் அடியில் மணல் பரப்பி, செங்கல்லின் மேல் ஏற்றி, கீழே சிரட்டைக்கரி மூட்டினார். துணிப் பொதிகளுக்கு நடுவே சர்க்கரைவள்ளி எனப்படும் வற்றாளங்கிழங்கு ஒன்றையும் வைத்தார்.

“உது என்னத்துக்கு, மிஸி?”

“சூடு காட்டுற திருகைத்தான் கழட்டிப் போட்டமே. கிழங்கு நடு வரைக்கும் வெந்தால் துணிக்கும் சூடு காணும். தாள் கருகினால் கூடிப் போச்சு. அவ்வளவுதான் கணக்கு.”

நான் வியந்து நின்றேன். அரை மணி கழியவில்லை. பெட்டியின் பின்னாலிருந்து கரும்புகை எழுந்தது; தொண்டையைப் பிடிக்கும் நாற்றம். திருகாணித் துளைகள் வழியே புகை உள்ளேயும் இறங்கியிருந்தது. கதவைத் திறந்தால் பன்னிரண்டு பொதிகளும் கரி பூசிக் கிடந்தன. பழைய கட்டு ஊறிப்போய் அவிழ்த்தாயிற்று. மனைவியின் கால் வெறுமையாகக் கிடந்தது. வீட்டில் வேறு வெள்ளைத் துணி இல்லை, கடைகளிலும் இல்லை.

“மிஸி, பின்னாலை கொஞ்ச வயர் கிடந்திருக்கு...”

“கிடந்ததோ, விட்டதோ?”

“நான்தான் விட்டனான்.”

“எனக்குத் தெரியும்,” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. “மனிசன் போன வரியத்துப் பஞ்சாங்கத்தையே எறியாது.”

மிஸி குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் திரும்புவதற்குள் வயர்களை வேரோடு பிடுங்கினேன். பெட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். நாற்றம் போகும்வரை வெறும் பெட்டியைக் கரியில் காய வைத்தேன்.

திரும்பி வந்தவர் கையில் கடதாசிப் பையொன்று. உள்ளே கஞ்சி போட்டு மடித்த வெள்ளைச் சீருடை.

“கடைசி நாள் வேலைக்கு உடுத்தது. என்னைச் சவப்பெட்டியிலை வைக்கேக்கை இதை உடுத்தி விடு எண்டு என்ரை மகளிட்டைச் சொல்லி வைச்சனான். நல்ல பருத்தி.”

“வேண்டாம் மிஸி, வெட்டாதேங்கோ” என்று தடுத்தேன்.

“நான் இப்ப சாகிற யோசினையிலை இல்லை, மாஸ்ரர். கத்தரிக்கோலைத் தாங்கோ.”

கையையும் கழுத்தையும் வெட்டி ஒதுக்கி, கஞ்சி போக அலசிப் பிழிந்து, அடுப்பின் மேல் பிடித்து உலர்த்திச் சுருட்டினார். மீண்டும் கரி மூட்டினோம். இம்முறை மணந்தது கிழங்கு மட்டுமே. நேரம் சென்று மிஸி ஈர்க்கால் குத்திப் பார்த்தார். தடையின்றி நடு வரை இறங்கியது. தாள் இளம் பொன்னிறத்தில் இருந்தது. அதற்குள் துணி, மழைக்காலத்தில் நாங்கள் மறந்தே போயிருந்த உலர்வோடு, வெதுவெதுப்பாக இருந்தது. தெருவில் தீபங்கள் ஏற்றும் நேரத்துக்கு முன்னரே காயம் கட்டியாயிற்று.

“காலுக்குத் துணி. சீனி வருத்தக்காரிக்குக் கிழங்கு இல்லை. மாஸ்ரர், நீங்கள் சாப்பிடுங்கோ,” என்று சிரித்தார் மிஸி. வெட்கத்தோடு சாப்பிட்டேன்.

அதன் பிறகு கிழமைக்கு இருமுறை அந்தப் பெட்டி கனிந்தது. ஒழுங்கையில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் அதிலிருந்து துணி போயிற்று. மாசி மாதத்தில் காயம் மூடிக்கொண்டது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி மழையில், இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதியே எழுந்து நீரேரிக்கு அப்பாலுள்ள தென்மராட்சி நோக்கி நடந்தது. வண்டியில்லை; தூக்கிச் செல்ல ஆளில்லை. இரவும் பகலும் சனத்துக்குள் நெரிபட்டு, என் மனைவி தன் இரண்டு கால்களாலும் நடந்து அக்கரை சேர்ந்தார். அந்த நெரிசலில் மிஸியைத் தேடினேன், காணவில்லை. இன்றுவரை எங்கிருக்கிறார் என்று அறியேன். கோயிலில் கைகூப்பும்போதெல்லாம், தன் கடைசிப் பயணத்துக்கென வைத்திருந்த வெள்ளையைப் பிறர் காலுக்குச் சுற்றிய அந்தக் கைகளையே முதலில் நினைக்கிறேன். என் வழிபாடு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதை வாசிக்கும் அனைவரும் நோயின்றி, நடை தளராது, நல்லோர் துணையோடு நீடு வாழ இறையருள் பாலிக்கட்டும்.